கத்திரி முடிந்ததும் கேமராவை எடுங்கள்: வீட்டைச் சுற்றியே பறவைப் படம் எடுக்க ஒரு வழிகாட்டி

பறவைப் படம் எடுக்க ஆசைப்படும் பலர் மார்கழிக்காகக் காத்திருக்கிறார்கள். வேடந்தாங்கலில் கூட்டம் சேரட்டும், பள்ளிக்கரணையில் பூநாரை இறங்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கேமராவைப் பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு அதைவிட நல்ல பருவம் கோடையின் பின்பாதி என்பது என் உறுதியான எண்ணம். கத்திரி முடியும் வைகாசி நடுவிலிருந்து ஆடி அடங்கும்வரை உள்ள நாட்களைச் சொல்கிறேன். தொலைவில் எங்கும் போக வேண்டாம். உங்கள் மொட்டை மாடி, தெருமுனை வேப்பமரம், பக்கத்துக் காலிமனை, ஊர்க்குளத்தின் கரை போதும்.

இந்த மாதங்களில் குஞ்சுகள் பல கூட்டைவிட்டு வெளியே வந்திருக்கும். பசியில் கத்தும், ஒரே கிளையில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கும், பெற்ற பறவைகள் அதே கிளைக்குத் திரும்பத் திரும்ப இரை கொண்டுவரும். வேம்பு பழுத்துக் கொட்டும். குயிலும் மைனாவும் கொண்டைக்குருவியும் அதைத் தேடி வரும். குட்டைகள் வற்றியிருப்பதால் ஒரு சட்டித் தண்ணீருக்கும் விருந்தாளிகள் உண்டு. தெருவில் வாழும் பறவைக்கு மனித நடமாட்டம் பழக்கம் என்பதால், காட்டில் நெருங்கவே விடாத இனம்கூட இங்கே உங்களைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பெரிய லென்ஸ் இல்லாதவருக்கு அதுவே பேருதவி.

சென்னையையும் அதன் புறநகரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உள் மாவட்டங்களில் இருப்பவர்கள் கடற்காற்றைப் பற்றிச் சொல்லும் இடத்தை மட்டும் விட்டுவிடலாம்.

முதலில் கேமரா இல்லாமல்

முதல் சில நாட்கள் கேமராவைத் தொட வேண்டாம். காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். எந்தப் பறவை, எத்தனை மணிக்கு, எந்தக் கிளையில், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தது, அடுத்து எங்கே போனது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் வாலையும் குறித்தால் போதும்.

விரைவிலேயே ஒழுங்கு புலப்படும். இரட்டைவால் கரிச்சான் ஒரு கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே கம்பிக்குத் திரும்பும். பஞ்சுருட்டானும் அப்படியே. பிடித்த தேனீயைக் கிளையில் அடித்துக் கொடுக்கை நீக்கிய பிறகே விழுங்கும் என்பதால், உங்களுக்குச் சில நொடிகள் கூடுதலாகக் கிடைக்கும். தேன்சிட்டு செம்பருத்திக்கும் முருங்கைப் பூவுக்கும் ஒரு சுற்று வைத்திருக்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வரும். ஒன்று இறங்கினால் மற்றவையும் ஒவ்வொன்றாக இறங்கும். ஆகவே முதல் குருவியைத் தவறவிட்டால் பதற வேண்டாம், மூன்றாவதுக்குத் தயாராக இருங்கள்.

காதையும் பழக்க வேண்டும். அணில் விடாமல் கத்தினால் பூனையோ வல்லூறோ அருகில் இருக்கிறது. காக்கைகள் ஒரு மரத்தைச் சூழ்ந்துகொண்டு கரைந்தால் அங்கே புள்ளி ஆந்தை அகப்பட்டிருக்கலாம். குரலை வைத்துப் பறவையைச் சொல்லும் மெர்லின் செயலி தொடக்கத்தில் நன்றாக உதவும். அது தவறும் செய்யும் என்பதால், சொன்ன பறவையைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்தப் பருவத்துக்கே உரிய காட்சி ஒன்றை இப்போதே தேடத் தொடங்கலாம். காக்கையின் கூட்டில் குயில் முட்டையிடுவது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்தக் குயில் குஞ்சு பெரும்பாலும் காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்ந்து, இந்த நாட்களில்தான் வெளியே வருகிறது. ஆண்குயிலின் சிவந்த கண் அதற்கு இன்னும் வந்திருக்காது. சிறகை நடுக்கி, வாயைப் பிளந்து, கரகரத்த குரலில் கேட்டுக்கொண்டே இருக்கும். காக்கை வந்து ஊட்டும். உலகத்தின் பல மூலைகளிலிருந்து இத்தகைய காட்சியைத் தேடிப் பயணம் செய்பவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அது மின்கம்பத்துப் பக்கத்துப் பூவரச மரத்தில் நடக்கிறது. அந்தக் கரகரப்பை ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டால் ஆண்டுதோறும் தவறாமல் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வெளிச்சமும் காற்றும்

ஜூன் மாதத்தில் சென்னையில் சூரியன் காலை 5.45 மணிக்கு முன்பே எழுந்துவிடும். ஏழரை, மிஞ்சினால் எட்டு மணி வரைதான் நல்ல வெளிச்சம். அதன் பிறகு சூரியன் மேலேறி, பறவையின் முதுகு வெளுத்தும் வயிறும் கண்ணும் இருண்டும் போகும். மாலையில் ஐந்து மணிக்கு மேல் மறுபடி தொடங்கலாம்; சூரியன் மறைய 6.35 ஆகிவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நண்பகலில் சென்னையின் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்குச் சற்று வடக்கே போகும். உதிப்பது வடகிழக்கு, மறைவது வடமேற்கு. ஆண்டில் பெரும்பகுதி நிழலிலேயே கிடக்கும் வடக்குப் பார்த்த பால்கனிக்கு இந்த மாதங்களில் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் கிடைக்கும். உங்கள் பால்கனி வடக்கு நோக்கியது என்றால் இதை வீணாக்காதீர்கள்.

அடுத்தது காற்று. பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே உட்காரும், எதிர்த்தே எழும்பும். ஜூன், ஜூலைக் காலைகளில் இங்கே மேற்குக் காற்று. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து மேற்கே பார்த்து நின்றால் வெளிச்சம் அருமையாக இருக்கும், பறவையின் வால்தான் உங்களைப் பார்க்கும். எனவே காலையில் நேராக நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்து நில்லுங்கள்; தலையும் கண்ணும் தெரியும். கடற்காற்று உள்ளே வராத மாலைகளில் நிலைமை தலைகீழ்: சூரியனும் காற்றும் ஒரே மேற்குத் திசையில் உங்கள் முதுகுப்புறம் இருக்க, பறவை உங்களை நோக்கி எழும்பும். பறக்கும் படங்களுக்கு அந்த மாலைகளை ஒதுக்குங்கள். ஆடிக் காற்று வலுத்த நாளில் நுனிக்கிளைப் பறவையை விட்டுவிட்டு, தரையில் மேயும் மைனாவையும் கொண்டலாத்தியையும் எடுப்பது நல்லது.

ஒரு மண்சட்டி

புதியவர் ஒருவர் என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால், லென்ஸைப் பற்றிச் சொல்ல மாட்டேன். தண்ணீர் வையுங்கள் என்பேன். பறவையைத் தேடி அலையாமல், அது வரும் இடத்தை நீங்களே அமைத்துக்கொள்கிறீர்கள். வெளிச்சம், பின்னணி, தொலைவு மூன்றும் உங்கள் கையில் இருக்கும்.

அகலமான, ஆழமில்லாத மண்சட்டி வேண்டும். செடித்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டே சரியாக இருக்கும். தண்ணீர் ஓர் அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் சொரசொரப்பான கல் ஒன்றை வையுங்கள். சிறிய பறவைகள் அதில் நின்றுதான் குடிக்கும், தேனீக்களும் மூழ்காமல் தப்பும். பிளாஸ்டிக் தட்டு வெயிலில் சூடேறும், வழுக்கும், தவிர்த்துவிடுங்கள்.

இடம் தேர்வதில்தான் படத்தின் பாதி இருக்கிறது. சட்டிக்கு ஏழெட்டு அடி தள்ளி ஒரு செடியோ கொடியோ இருக்க வேண்டும். பறவை அங்கே வந்து நின்று சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். செடி மிக நெருக்கமாக இருந்தால் அதில் பூனை பதுங்கும். காலை வெயில் உங்கள் முதுகுப்பக்கமிருந்து சட்டியின் மேல் விழ வேண்டும். சட்டிக்குப் பின்னால் சுவரோ துணிக்கொடியோ ஒட்டி இருக்கக் கூடாது. பின்னணி பத்துப் பதினைந்து அடி தள்ளி இருந்தால் அது கரைந்து ஒரே பச்சையாகவோ பழுப்பாகவோ வரும். தரையில் வைப்பதைவிட, உங்கள் கண்மட்டத்துக்கு வருமாறு கைப்பிடிச் சுவரிலோ ஸ்டூலிலோ வைத்தால் படம் உயிரோடு இருக்கும்.

சட்டிக்கு அருகில் ஒரு காய்ந்த வேப்பங்கிளையை மண்தொட்டியில் நட்டு வையுங்கள். தண்ணீருக்கு இறங்கும் பல பறவைகள் முதலில் அதில்தான் உட்காரும். சட்டி விளிம்பில் எடுத்த படத்தைவிட அந்தக் கிளையில் எடுத்த படம் பெரும்பாலும் நன்றாக அமையும். கிளை விரல் பருமன் இருக்கட்டும். தடித்த கட்டை பறவையின் காலை மறைத்துவிடும்.

தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டு, சட்டியைத் தேய்த்துக் கழுவி, புதிதாக ஊற்ற வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு இப்படிப்பட்ட சிறிய தேங்கல்களில்தான் முட்டையிடுகிறது. அழுக்குச் சட்டி பறவைகளுக்கிடையே நோயையும் பரப்பும். தினமும் கழுவ முடியாதவர் சட்டி வைக்காமலிருப்பதே மேல். முதல் சில நாட்கள் காக்கை மட்டும் வந்து ரொட்டித் துண்டை நனைத்துவிட்டுப் போகும். மனம் தளர வேண்டாம். அதைப் பார்த்து மைனா வரும், பிறகு தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் குளிக்கும், கடைசியில்தான் தையல்சிட்டும் தேன்சிட்டும் துணிந்து வரும்.

கேமராவும் அதன் அமைப்பும்

கையில் இருப்பதை வைத்தே தொடங்குங்கள். 55–250 அல்லது 70–300 மில்லிமீட்டர் லென்ஸ் மாடிப் பறவைகளுக்குப் போதும். லென்ஸ் மாற்ற முடியாத, நீண்ட ஜூம் கொண்ட கேமராவும் நல்ல வெயிலில் நன்றாக எடுக்கும். பழைய கேமரா உடலும் சற்று நல்ல லென்ஸும் வாங்குவது, புதிய உடலும் சாதாரண லென்ஸும் வாங்குவதைவிடப் பயனுள்ளது. முக்காலிக்கு இப்போது செலவழிக்க வேண்டாம். பழைய துணிப்பையில் இரண்டு கிலோ அரிசி நிரப்பிக் கட்டி, கைப்பிடிச் சுவரில் வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்துங்கள், அசைவு அடங்கிவிடும்.

அமைப்பை இப்படி வைத்துத் தொடங்கலாம். ஷட்டர் வேகத்தை நீங்கள் முடிவு செய்யும் முறை: கேனானில் டிவி (Tv), மற்றவற்றில் பெரும்பாலும் எஸ் (S). ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைத் (ISO) தானியங்கியில் விட்டு, உச்ச வரம்பு 3200 என்று வையுங்கள். வேகம் 1/1000 நொடி. தேன்சிட்டு, குளிக்கும் குருவி, பறக்கும் பறவை என்றால் 1/2000 வரை ஏற்றுங்கள். பகலில் மரப்பொந்து வாசலில் தூங்கி வழியும் ஆந்தைக்கு 1/250 போதும். ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் நிலையில் இருக்க வேண்டும். நிக்கான், சோனியில் அதை ஏஎஃப்-சி என்பார்கள், கேனானில் செர்வோ. பறவையின் கண்ணை அடையாளம் காணும் வசதி கேமராவில் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்றைத் தேர்ந்து கண்ணில் வையுங்கள். வாலும் சிறகும் சற்று மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், கண் மங்கினால் மாட்டார். படங்களைத் தொடர்ச்சியாகச் சொடுக்கும் நிலையில் வைத்து, மூன்று நான்காக எடுங்கள்.

ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளி புள்ளியாக வருமே என்று அஞ்சி வேகத்தைக் குறைப்பவர்கள் நிறையப் பேர். புள்ளிகளைக் கணினியில் ஓரளவு நீக்கலாம். அசைந்த படத்தைச் சரிசெய்ய வழியே இல்லை.

இனி வெளிச்சத் திருத்தம், அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் கேமராவில் உள்ள +/− அமைப்பு. வெளுத்த வானத்தின் முன்னால் கம்பியில் கரிச்சான் உட்கார்ந்தால், கேமரா வானத்தைப் பார்த்து மயங்கிப் பறவையை வெறும் கரிய உருவமாக்கிவிடும். கூட்டல் 1 அல்லது அதற்குச் சற்று மேல் வையுங்கள். வானம் வெளுத்துப் போகட்டும், பறவையின் கண் தெரியும். கரிய தழையின் முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் நேர்மாறு: கழித்தல் 0.7 அல்லது 1. இல்லையென்றால் சிறகின் நுணுக்கம் எல்லாம் வெள்ளைத் தாளாகிவிடும். இந்த இரண்டையும் பழகிவிட்டால் மற்றவை தானாகப் பிடிபடும்.

சென்னைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. குளிர்சாதன அறையில் இருந்த கேமராவை விடியற்காலையில் நேராக மாடிக்கு எடுத்துப் போனால், வெளியிலிருக்கும் ஈரக்காற்று கண்ணாடியில் பனிபோலப் படியும். துடைத்தாலும் மீண்டும் படியும். கேமராவைப் பையிலேயே மூடி, அரை மணி நேரம் முன்னதாகக் குளிரூட்டாத அறையில் வைத்துவிடுங்கள். ஈரத்தால் லென்ஸுக்குள் பூஞ்சையும் வரும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்தால் தப்பிக்கலாம். ஒன்பது மணிக்கு மேல் சூடேறிய தளத்தின் மீது தூரத்துப் பறவையை எடுத்தால் படம் நெளிந்து கலங்கும். அது காற்றின் கானல், லென்ஸின் குறை அன்று. வீட்டுக்குள் வந்துவிடலாம்.

நெருங்கும் விதம்

மாடியைவிட்டு இறங்கிக் காலிமனைக்கோ குளக்கரைக்கோ போகும்போது, பறவையை நோக்கி நேராக நடக்காதீர்கள். அதைக் கடந்து வேறெங்கோ போகிறவர் போலச் சாய்வாக நடந்து, இடையிடையே நின்று, நின்ற இடத்திலெல்லாம் ஒரு படம் எடுத்துக்கொண்டே போங்கள். மங்கிய நிற உடை போதும். காட்டுக்குப் போவது போன்ற உடை தேவையில்லை. உட்கார முடிந்தால் உட்காருங்கள். குளக்கரையில் மண்டியிட்டு, நீர்மட்டத்துக்கு லென்ஸை இறக்கி மடையான் என்னும் குளத்துக் கொக்கை எடுத்தால் பின்னணி முழுவதும் கரைந்துவிடும். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் சேறும் பாலித்தீன் பையும்தான் தெரியும். பாம்புக்கு அஞ்ச வேண்டிய இடத்தில், உட்காருமுன் ஒரு கோலால் புல்லைத் தட்டிவிடுங்கள்.

மேய்வதை நிறுத்திவிட்டு உடலைச் சுருக்கி, கழுத்தை நீட்டி உங்களையே பார்த்தால் அந்தப் பறவை பயந்திருக்கிறது. அங்கேயே நில்லுங்கள். அது மறுபடி மேயத் தொடங்கிய பிறகே அடுத்த அடி. பறந்துவிட்டால் துரத்த வேண்டாம். பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கும் வழக்கத்தை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, குஞ்சுகளை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும் பறவையின் படம் அது.

கூடுகளை விட்டுவிடுங்கள்

முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டின் அருகே கேமராவோடு போகாதீர்கள். மறைக்கும் கிளையை ஒதுக்கினால் கூடு காக்கைக்கும் வல்லூறுக்கும் தெரிந்துவிடும்; தாய் பயந்து விலகிய நேரத்தில் வெயில் முட்டையைக் கெடுத்துவிடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை ‘வேட்டை’ என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. தூக்கணாங்குருவியை மட்டும் தொலைவிலிருந்து எடுக்கலாம் என்பேன். மஞ்சள் தலை ஆண் பாதிக்கூட்டை முடைந்துவிட்டுத் தொங்கியபடி சிறகடித்து அழைப்பதும், பெண் வந்து சோதித்துப் பார்ப்பதும் எதிர்க்கரையிலிருந்தே அழகாகத் தெரியும்.

தரையில் குஞ்சு கிடந்தால்? சிறகு முளைத்த குஞ்சு என்றால் அது பெரும்பாலும் விழுந்ததன்று, பறக்கப் பழகுவது. வீட்டுக்குத் தூக்கி வர வேண்டாம். நாயோ பூனையோ இருந்தால் அருகிலுள்ள கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. காக்கைக் குஞ்சு என்றால் தொப்பி போட்டுக்கொண்டு செய்யுங்கள், தலையில் கொத்து விழும்.

பறவை கிடைக்காத நடுப்பகல்

வெயில் ஏறியதும் பறவைகள் நிழலுக்குப் போய்விடும். அப்போது ஓணானும் தட்டானும் இருக்கின்றன. கைபேசி வைத்திருப்பவர்களுக்கு இவைதான் சரியான பாடம். ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் இப்போது சிவந்திருக்கும். சுவரில் நின்று தண்டால் எடுப்பது எல்லைக் காவல். தட்டான் ஒரே குச்சிக்குத் திரும்பும், ஆகவே அது பறந்துபோனதும் நீங்கள் இரண்டடி முன்னேறி அசையாமல் காத்திருக்கலாம். உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலைச் செங்குத்தாக வானத்தை நோக்கித் தூக்கி நிற்கும். உடலில் விழும் வெயிலைக் குறைக்க அது செய்யும் ஏற்பாடு. பக்கவாட்டில் எடுத்தால் முழு உடலும் தெளிவாக வரும். கைபேசியில் விரலால் இழுத்துப் பெரிதாக்காமல், அதிலுள்ள தனி ஜூம் லென்ஸையே பயன்படுத்துங்கள்.

கறிவேப்பிலைச் செடியையும் எருக்கஞ்செடியையும் இலை இலையாகப் பாருங்கள். கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலத் தெரிவது பட்டாம்பூச்சியின் இளம் புழுவாக இருக்கலாம், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். எருக்கில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு இருக்கும் புழு ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியாகும். புழு, கூட்டுப்புழு, சிறகு விரியும் நேரம் என ஒரே செடியில் ஒரு முழுத் தொடரையே எடுத்துவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றன்றே படங்களைப் பாருங்கள். கண் கூர்மையாக இல்லாதவற்றை முதலில் நீக்குங்கள். மிச்சத்தில் பறவை ஏதாவது செய்துகொண்டிருக்கும் படத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் அழகிய மைனாவைவிட, குஞ்சுக்கு வெட்டுக்கிளி ஊட்டும் சாதாரண மைனா மேல். கேமரா பதிந்ததை மாற்றாமல் அப்படியே சேமிக்கும் ரா (RAW) வடிவில் எடுத்திருந்தால் நிழலைச் சற்று உயர்த்தலாம்; நிறத்தைக் கூட்டாதீர்கள். படத்தை வெட்டும்போது பறவை பார்க்கும் திசையில் இடம் விடுங்கள்.

தேதி, நேரம், இடத்தோடு, பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான ஈபேர்டில் (eBird) பட்டியல் போட்டுப் படத்தையும் சேர்த்தால், அது ஆராய்பவர்களுக்கும் பயன்படும் பதிவாகிவிடும். குஞ்சுகளின் படங்களில் அடையாளம் குழப்பும்: இளம் பஞ்சுருட்டானுக்கு வாலின் நடுவில் நீளும் மெல்லிய இறகுகள் இருக்காது, இளம் கொண்டைக்குருவி மங்கலாக இருக்கும். வேறு இனம் என்று முடிவு செய்யுமுன் அருகில் வந்த பெரிய பறவை எது என்று நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் 1978 முதல் இயங்கிவரும் சென்னை இயற்கையாளர் சங்கம் போன்ற அமைப்புகளில் அனுபவமுள்ளவர்களைக் கேட்கலாம்.

ஆகஸ்ட் கடைசியில் குளக்கரைக்கு மறுபடி போங்கள். வடக்கிலிருந்து வரும் உள்ளான்களில் முதலில் வருபவை அந்த நாட்களிலேயே சேற்றில் இறங்கியிருக்கும். செப்டம்பரில் தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசையாக உட்காரும். வெயில் தணிந்து மேகம் கூடியிருப்பதால் ஐஎஸ்ஓ வரம்பை 6400 வரை உயர்த்தி வையுங்கள். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் பையில் இருக்கட்டும்.